மாமா வெட்டி எடுத்த வெளிச்சங்கள்

போன கிழமை பின்னேரம், ஓஸ்லோவுக்குப் பக்கத்திலை லோறென்ஸ்கூக்கிலை எங்கடை குசினி யன்னலுக்கு வெளியாலை நாலு வெளிச்ச வளையம் நடந்து போச்சுது. ஆளில்லை, உடம்பில்லை. வெறும் வளையம் நாலு, மேலையும் கீழையும் ஆடி ஆடிப் போகுது. என்ரை மகன் கைபேசியிலையிருந்து தலை நிமித்தாமலே "குதிரை" எண்டான். நான் கோப்பை கழுவின கையோடை நிண்டு பாத்தனான். தண்ணி முழங்கையாலை வழிஞ்சு நிலமெல்லாம் ஈரம்.

சிரிக்காதேங்கோ. ஐம்பதுக்குக் கிட்ட வந்திட்டன், முழங்கால் நோ, பிரஷருக்குக் குளிசை, இவளுக்கும் குதிரைக்கும் என்ன எண்டுதானே கேக்கிறியள்? என்னோடை ஓஸ்லோ அம்மருட்டிலை வளந்த உங்களுக்கு ஞாபகம் இருக்கவேணும். அடுக்குமாடிப் புளொக்குகளுக்குப் பின்னாலை, காடு தொடங்கிற இடத்திலை, சிவப்புப் பெயின்ற் அடிச்ச ஒரு ஸ்தால் இருந்தது. குதிரை லாயம். உங்களிலை கனபேர் வேலிக்கு வெளியாலை நிண்டு கரட் குடுத்திட்டு ஓடின ஆக்கள். நான் உள்ளுக்குப் போனனான். சாணி அள்ளி, வைக்கோல் பரப்பி, குளம்புக்குள்ளை இறுகின ஐஸைக் கிண்டி எடுத்தால், கடைசியிலை கொஞ்ச நேரம் ஏறி ஓடலாம். அதுதான் அங்கத்தை நடைமுறை. எனக்கு அப்ப பத்து வயசு. சாணி எண்டால் எனக்குச் சந்தனம்.

அம்மாவுக்கு அது சந்தனமில்லை. லிஃப்டுக்குள்ளை நான் ஏறினால் மற்றச் சனம் அடுத்த லிஃப்டுக்கு நிக்கும். அம்மா கதவைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாசலிலேயே எல்லாத்தையும் கழட்டு. உள்ளுக்கு வந்தியெண்டால் உன்னோடை சேத்து வாசிங் மெசினுக்குள்ளை போட்டிடுவன்" எண்டு சொல்லுவா. ஆனால் ஒரு நாளும் போகாதை எண்டு சொன்னதில்லை.

எனக்குக் கிடைச்ச குதிரையை ஆரும் கேக்கிறதில்லை. வயசு போனது, கறுப்பு, வயிறு பெருத்தது, நடக்கிறதுக்கே யோசிச்சு யோசிச்சுத்தான் கால் வைக்கும். மாமா அதுக்குக் கறுப்பி எண்டு பேர் வைச்சார். நொஸ்க்கிலை, நோர்வே மொழியிலை, அதுக்கு ஏதோ பெரிய ராணியின்ரை பேர். எனக்கு இப்ப அது மறந்து போச்சுது, கறுப்பிதான் நிக்குது.

மாமா எண்டது அம்மாவின்ரை தம்பி. அந்த வருசம் இலை கொட்டுற நேரம் ஊரிலையிருந்து வந்து சேந்தவர். அப்பா தூர வடக்கை ஹம்மர்பெஸ்டிலை மீன் பக்ரறியிலை வேலை. நத்தாருக்கும் கோடைக்கும்தான் வீட்டுப் பக்கம். அம்மா முதியோர் இல்லத்திலை பின்னேரத்திலை துப்பரவு வேலை. அதாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் மாமாவும்தான்.

மாமா நல்லாய்ச் சமைப்பார், நல்லாய்ப் பகிடி விடுவார், சீட்டுக் கடுதாசி விளையாடினால் களவும் செய்வார். ஒரு பிரச்சினைதான். இருட்டினால் வெளியிலை வரமாட்டார். ஓஸ்லோவிலை மார்கழி மாசம் எப்ப இருட்டுது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனுசன் மத்தியானச் சோறு செமிக்க முந்தியே கதவைப் பூட்டிப்போடும். யன்னல் கேட்டின் சீலையை இழுத்து, நடுவுக்கை வெளிச்சம் போகாமல் உடுப்புக் கிளிப் குத்தி, மேசை லாம்பின்ரை தலையை நிலத்துக்குத் திருப்பி வைச்சு, "இப்ப சரி" எண்டுவார். கீழை ரோட்டிலை நிண்டு பாத்தால் அந்த முழுப் புளொக்கிலும் நத்தார் நட்சத்திரம் யன்னலுக்கு யன்னல் எரியும், எங்கடை வீடு மட்டும் பல்லு விழுந்த இடம் மாதிரி இருக்கும்.

இப்ப எனக்குக் காரணம் தெரியும். ஊரிலை சண்டை நேரம் வெளிச்சம் தெரிஞ்ச வீட்டுக்குத்தான் ஹெலிகொப்ரரிலையிருந்து சுட்டவங்கள். லைற் இல்லாமல் சைக்கிள் ஓடி, விளக்கைச் சட்டியாலை மூடி, வெள்ளைச் சேட்டுப் போடாமல் வளந்த மனுசன். தெரியாமல் இருந்தால்தான் உயிர். அப்ப எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை. மாமாவுக்கு இருட்டெண்டால் பயம் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். உண்மையிலை அந்த மனுசன் பயந்தது வெளிச்சத்துக்கு.

பள்ளிக்கூடத்திலை எங்கள் எல்லாருக்கும் றெஃப்லெக்ஸ் தாறவையல்லோ, ஜக்கற்றிலை நூலிலை தொங்குற சாமான், கார் வெளிச்சம் பட்டால் மின்னும். எனக்குக் கிடைச்சது ஒரு கரடி. வந்த கிழமையே மாமா அதைக் கண்டிட்டார்.

"உது என்ன பிள்ளை?"

"றெஃப்லெக்ஸ் மாமா. லைற் பட்டால் தெரியும்."

"ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"அப்ப உதைக் கழட்டு."

நான் கழட்டேல்லை. அடுத்த நாள் விடிய ஜக்கற்றைப் பாத்தால் நூல் மட்டும் தொங்குது, கரடியைக் காணேல்லை. அம்மா வேறை ஒண்டு, இதயம் மாதிரி, குத்தி விட்டா. அதுவும் போச்சுது. பிறகு ஒரு ஆந்தை. ஆந்தையும் பறந்திட்டுது. அம்மா கேட்டால் மாமா தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "எறிஞ்சுபோட்டன் அக்கா. பிள்ளையைப் பாதுகாக்கச் சொல்லித்தானே என்னட்டை விட்டுட்டுப் போறியள்? நான் பாதுகாக்கிறன்" எண்டுவார். அம்மா அவரின்ரை முகத்தைப் பாத்திட்டுக் குசினிக்குள்ளை போயிடுவா.

இதுக்குள்ளைதான் எனக்கு அந்தப் பெரிய ஆசை வந்தது. நத்தாருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்தாலிலையிருந்து குதிரையள் வரிசையாய் ரோட்டாலை இறங்கி முதியோர் இல்லத்துக்குப் போகும். அங்கை முற்றத்திலை ஒரு சுத்து. கிழடுகள் யன்னலாலை பாத்துக் கை காட்டுங்கள். அந்த இல்லம்தான் அம்மா வேலை செய்யிற இல்லம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை. நான் குதிரையிலை ஏறி அம்மா ஒரு நாளும் கண்டதில்லை. அம்மா கண்டதெல்லாம் சாணி மணத்தோடை வாசலிலை நிக்கிற என்னைத்தான். நான் கறுப்பியிலை நிமிந்து இருந்து வாறதை அம்மா காணவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம். நத்தாருக்கு என்ன வேணும் எண்டு அப்பா ரெலிபோனிலை கேட்டதுக்கும் இதைத்தான் சொன்னனான். "அதைப் பார்சலிலை அனுப்ப ஏலாதே பிள்ளை" எண்டார்.

லாயத்தை நடத்தின மனுசியைப் பற்றிச் சொல்லவேணும். நெட்டை, காய்ஞ்ச கை, எப்பவும் பொக்கற்றுக்குள்ளை சீனிக்கட்டி. அந்த மனுசி ரோட்டு விசயத்திலை விட்டுக்குடுக்காது. குதிரையின்ரை நாலு காலிலும் மின்னுற பட்டி. ஏறுறவையின்ரை இடது சப்பாத்திலை சின்ன லைற், முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. எல்லாருக்கும் ஜக்கற்றுக்கு மேலை போடுற மஞ்சள் வெஸ்ட். லாடத்திலை வழுக்காத ஆணி. அதோடை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த வீட்டிலையிருந்து பெரிய ஆள் ஒண்டு, காருகள் வாற பக்கமாய்க் குதிரையோடை சேந்து நடக்கவேணும். "உன்ரை வீட்டிலை ஆர் வருவினம்?" எண்டு கேட்டா. நான் "மாமா" எண்டு சொல்லிப்போட்டன். வாய்க்கு என்ன, சொல்லலாம்தானே.

மாமாவைக் கெஞ்சினது ஒரு தனிக் கதை. சாப்பிடாமல் கிடந்து பாத்தன், பசிச்சுது. அழுது பாத்தன், அவரும் கண் கலங்கினார், ஆனால் மாட்டன் எண்டார். கடைசியிலை கடுதாசி விளையாட்டிலை அவரின்ரை களவைக் கையோடை பிடிச்சன். "ஞாயிற்றுக்கிழமை வந்தியள் எண்டால் அம்மாட்டைச் சொல்லமாட்டன்." மனுசன் சிரிச்சுப்போட்டார். "சரி, உந்த மாலையும் மிருகத்தையும் ஒருக்காப் பாப்பம்" எண்டார். ஊரிலை மாட்டுக் கொட்டிலைச் சொல்லுற மாதிரி, குதிரை லாயத்தையும் அவர் கடைசி வரைக்கும் மால் எண்டுதான் சொன்னவர்.

ஊர்வலத்துக்கு முந்தின கிழமை பழகிப் பாக்கிற நாள். இன்னும் ஸ்னோ விழேல்லை. வெறும் ஐஸும் இருட்டும்தான். ஸ்னோ இல்லாத மார்கழியைப்போலை இருட்டு உலகத்திலை இல்லை. மாமா அப்பாவின்ரை கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டியை உயத்திக்கொண்டு வந்தார். கறுப்பியைக் கண்டவுடனை முகம் மலந்திட்டுது. கழுத்தைத் தடவி, "நல்ல நிறமடி உனக்கு. இருட்டிலை ஒரு குருவிக்கும் தெரியமாட்டாய்" எண்டார்.

லாயத்து மனுசி காரை எடுத்துவர வீட்டுப் பக்கம் போயிருந்தா. எங்கடை வெஸ்டுகள் அந்தக் காருக்குள்ளை. "கேற்றடியிலை நில்லுங்கோ, அதுக்கு அங்காலை போகவேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நான் தலைக்கவசம் எடுக்க உள்ளுக்குப் போயிட்டு வந்து ஏறினன். மாமா, "குளிர்ந்து போய் நிக்குது பாவம், கொஞ்சம் நடப்பம்" எண்டு கறுப்பியைப் பிடிச்சுக்கொண்டு கேற்றாலை வெளியிலை வெளிக்கிட்டார். என்ரை ஜக்கற் கடுநீலம். அதிலை றெஃப்லெக்ஸ் இல்லை, உங்களுக்குத் தெரியும். கறுப்பியின்ரை காலைக் குனிஞ்சு பாக்க எனக்குத் தோணேல்லை. நான் உள்ளுக்குப் போன நேரம் மாமா நாலு பட்டியையும் அவிட்டு, சப்பாத்து லைற்றையும் எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டார். எங்களைக் காப்பாத்தினாராம்.

வளைவாலை கார் வந்தது. வெளிச்சம் எங்களிலை பட்டதும், பிறேக் சத்தமும், கார் ஐஸிலை இழுபட்டுக்கொண்டு வந்ததும் எல்லாம் ஒண்டாய். மாமா என்ரை காலைக் கட்டிப்பிடிச்சார். கார் எங்களுக்குக் கொஞ்சம் முன்னாலை ரோட்டோரக் கானுக்குள்ளை ஒரு சில்லு இறங்கி நிண்டது. கறுப்பி ஒரு மூச்சு விட்டிட்டு, வாலை ஆட்டிச்சுது. அவ்வளவுதான். அந்தக் கூட்டத்திலை நிதானமான ஆள் அதுதான்.

லாயத்து மனுசி இறங்கி வந்தா. என்னைத் தொட்டுப் பாத்தா, கறுப்பியின்ரை காலைப் பாத்தா, பிறகு மாமாவின்ரை பொக்கற்றைப் பாத்தா. பட்டியின்ரை நுனி ஒண்டு வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்குது. ஏச்சு விழப் போகுது எண்டு நான் கண்ணை மூடினன். "ஏன் எண்டு அவரிட்டைக் கேள்" எண்டு எனக்குச் சொன்னா.

மாமா சொன்னார்: "வெளிச்சம் தெரிஞ்சால் தூரத்திலையே கண்டுபோடுவாங்கள் எண்டு சொல்லு பிள்ளை."

நான் சொன்னன். அந்த மனுசி காரைப் பின்னுக்கு எடுத்து நேராக்கிப்போட்டு, மாமாவின்ரை கையைப் பிடிச்சுச் சாரதி சீற்றிலை கொண்டுபோய் இருத்தினா. கார் வெளிச்சத்தை எரியவிட்டபடி, ரோட்டை விரலாலை காட்டி, பாத்துக்கொண்டிரு எண்டா. கறுப்பியை என்னோடையே நடத்திக்கொண்டு தூரத்துக்குப் போனா. பட்டி இல்லாமல் ஒருக்கால் அங்கை நிண்டம். பிறகு தன்ரை பொக்கற்றிலையிருந்து வேறை நாலு பட்டி எடுத்துக் கட்டி, எனக்குத் தன்ரை வெஸ்டைக் கழட்டிப் போட்டுவிட்டு, அதே இடத்திலை இன்னொருக்கால் நிண்டம்.

திரும்பி வரேக்கை மாமா காரிலையிருந்து இறங்கி ரோட்டிலை நிண்டார். "காணேல்லை பிள்ளை" எண்டார். "உன்னைக் காணேல்லை." வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவர்.

அடுத்த நாள் விடியத் தேத்தண்ணி குடிக்கேக்கை அம்மாவுக்குச் சொன்னார். "அக்கா, வீடு மாதிரி ஒரு மிருகம், அதுக்கு மேலை எங்கடை பிள்ளை. நான் கண்ணைப் பிளந்துகொண்டு பாக்கிறன், ஒண்டுமில்லை. பட்டி கட்டினாப் பிறகுதான் கண்டனான். இவ்வளவு காலமும் ஒளிச்சுத்தான் பழக்கம். மற்றப் பக்கத்திலை இருந்து தேடிப் பாத்ததில்லை." பிறகு எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழையிருந்து ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளுக்கு என்ரை கரடி, இதயம், ஆந்தை எல்லாம் கிடந்துது. எறிய மனம் வரேல்லையாம், பிள்ளையின்ரை சாமானாம்.

அதுக்குப் பிறகு அந்தக் கிழமை எங்கடை வீட்டிலை நடந்த கூத்தை நினைச்சால் இப்பவும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பன். மாமாவுக்கு விசர் மற்றப் பக்கம் திரும்பிட்டுது. பகலிலை லைப்ரரி, தபால் கந்தோர், பல்லு வைத்தியர் எண்டு எங்கையெல்லாம் றெஃப்லெக்ஸ் சும்மா குடுக்கிறவங்களோ அங்கையெல்லாம் போய் வாங்கிக்கொண்டு வந்தார். நொஸ்க்கிலை அவருக்கு ஒழுங்காய் வந்த முதல் சொல்லு றெஃப்லெக்ஸ். வீட்டு நடையை இருட்டாக்கி, ஒவ்வொரு சாமானாய்த் தொங்கவிட்டு, இந்தக் கரையிலையிருந்து ரோச் லைற் அடிச்சுப் பாப்பார். கரண்டி பிடிச்சுப் பாத்தார், சமையல் ஈயத்தாள் பிடிச்சுப் பாத்தார், குங்குமச் சிமிழ் பிடிச்சுப் பாத்தார்.

அம்மாவும் விட்டாவோ? தன்ரை கூறைச்சீலையை எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இந்தச் சரிகையைப் பார். கலியாண வீட்டிலை கண்ணைப் பறிச்சது" எண்டா. மாமா ரோச் அடிச்சார். சரிகை மங்கலாய் முழிச்சுது. "அக்கா, உது சரிவராது. மினுங்கிறது வேறை, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது வேறை. மாப்பிள்ளைக்குத் தெரியும், கார்க்காறனுக்குத் தெரியாது." அம்மா சீலையைச் சுருட்டிக்கொண்டு, "கூறையை வெட்டாமல் தப்பினன்" எண்டு சொல்லிச் சிரிச்சா. கேட்டினிலை கிளிப் குத்த அந்தக் கிழமை எல்லாரும் மறந்திட்டம்.

அம்மாவும் அப்பாவும் முதல் வந்த நேரம் அகதிக் காம்பிலை குடுத்த சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை ஒண்டு வீட்டிலை கிடந்துது. மாமா அதிலை எல்லாத்தையும் தைச்சார். கரடி, இதயம், ஆந்தை, மீன், வீடு, பூ, ஒரு இடமும் விடேல்லை. தையல் படு மோசம், ஆனால் இழுத்தாலும் கழண்டு வராது. லாயத்து மனுசி அதைக் கறுப்பியிலை போட்டுப் பாத்திட்டு, தலையைப் பின்னுக்குப் போட்டுச் சிரிச்சா. "இதை வானத்திலையிருந்தும் காணலாம்" எண்டா. நான் அதை மாமாவுக்கு மொழிபெயர்க்கேல்லை. ஏதோ ஒரு புத்தி எனக்கு அப்பவே இருந்திருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்னோ விழுந்துது. கறுப்பி மெதுவெண்டபடியாலை நாங்கள்தான் கடைசி. மாமா கறுத்தக் கோட்டுக்கு மேலை மஞ்சள் வெஸ்ட் போட்டு, வயிறு வரைக்கும் சிப் இழுத்து, கடிவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்தார். முதல் கார் வந்துது. மாமாவின்ரை தோள் இறுகிறது எனக்கு மேலையிருந்து தெரியுது. கார் வேகத்தைக் குறைச்சு, அகலமாய் விலத்தி, மெதுவாய்ப் போச்சுது. ஓட்டினவர் கை காட்டினார். அடுத்த காரும் அப்பிடித்தான். நாலைஞ்சு கார் போனாப் பிறகு மாமாவும் கை காட்டத் தொடங்கினார். பிறகு அது போதாதெண்டு, கடிவாளத்தை முழங்கையிலை கொழுவிக்கொண்டு, கார் காராய்க் கைகூப்பி வணக்கம் சொல்லத் தொடங்கினார். "நல்ல சனம் பிள்ளை. கண்டாப் பிறகு விலத்திப் போகுதுகள்" எண்டார்.

முதியோர் இல்லத்தின்ரை வெளிச்சம் தெரியிற இடத்திலை, மேலை ஹெலிச் சத்தம் கேட்டுது. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோற ஹெலி, எங்களுக்கு அது பழகின சத்தம். மாமா நிண்டிட்டார். கறுப்பியும் நிண்டிட்டுது. மற்றக் குதிரையள் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்குது. மாமாவின்ரை கை வெஸ்டின்ரை சிப்பிலை. கழட்டப் போறார். கழட்டினால் எங்களை ரோட்டிலை விடமாட்டினம், முற்றத்துக்குள்ளை போகேலாது, அம்மா காணமாட்டா.

"மாமா, அம்மா யன்னலடியிலை நிப்பா."

அவர் மேலை பாத்தார். ஹெலி எங்கடை தலைக்கு மேலாலைதான் போச்சுது. மாமாவின்ரை உதடு ஆடிச்சுது, என்ன சொன்னார் எண்டு தெரியேல்லை. பிறகு சிப்பை மேலை இழுத்தார். கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, "நட கறுப்பி" எண்டார்.

முற்றத்திலை பெரிய லைற் எரியுது. யன்னல் யன்னலாய்க் கிழவர், கிழவியள், வெள்ளைத் தலையள். இரண்டாம் மாடியிலை என்ரை அம்மா, வேலை உடுப்போடை, கையிலை துடைக்கிற துணியோடை. நான் முதுகை நிமித்தி, குதியைக் கீழை இறக்கி, நாடியைத் தூக்கி, ராணி மாதிரி ஒரு சுத்துச் சுத்தினன். அம்மா அந்தத் துணியாலையே முகத்தைத் துடைச்சா. அம்மா அழுதா. என்னைக் கண்டு அழுதா எண்டு எனக்கு வானத்திலை பறக்கிற சந்தோசம். அந்தச் சந்தோசத்திலை எத்தினையோ வருசம் வாழ்ந்தனான்.

மாமா பிறகு பஸ் ஓட்டினார், பென்சன் எடுக்கும் வரைக்கும். கறுத்த ஜக்கற்றோடை நிக்கிற பெடியளைக் கண்டால் பஸ்ஸை நிப்பாட்டி, அந்தப் பிஸ்கற் ரின்னுக்குள்ளையிருந்து றெஃப்லெக்ஸ் எடுத்துக் குடுத்து, ஏசிப்போட்டுத்தான் ஏத்துவார். உங்களிலையும் சிலர் அவரிட்டை ஏச்சு வாங்கியிருப்பியள். கறுப்பி எப்பவோ போயிட்டுது. போர்வை எங்கை போச்சுதெண்டு தெரியாது, நாலு வீடு மாறினதிலை எங்கையோ தவறிட்டுது. ஸ்தால் இருந்த இடத்திலை இப்ப வீடுகள்.

அண்டைக்கு யன்னலாலை அந்த நாலு வளையத்தையும் கண்ட கையோடை அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தன். "அம்மா, நான் குதிரையிலை உங்கடை வேலையிடத்துக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லை? தம்பி வெளிச்சத்துக்கை வந்த நாளல்லோ. அந்தப் பெரிய லைற்றுக்குக் கீழை, அவ்வளவு சனம் பாக்க, என்ரை தம்பி நிமிந்து நிக்கிறான். உடம்பெல்லாம் மின்னிக்கொண்டு நிண்டவன்."

"நான், அம்மா? குதிரையிலை?"

"நீயும் வந்தனியோ? ஓம், வந்திருப்பாய். நான் அவனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

ஒரு மார்கழி முழுக்கச் சாணி அள்ளினனான், அம்மா காணவேணும் எண்டு. நான் சிரிச்ச சிரிப்பிலை மகன் கைபேசியை வைச்சிட்டு எழும்பி வந்து, "என்ன அம்மா?" எண்டு கேட்டான். ஒண்டுமில்லையடா எண்டன். போகட்டும். அந்த மனுசனை அந்த வெளிச்சத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு போனது என்ரை குதிரைதானே.